எனக்கு நானே போட்ட இரண்டு

யாழ்ப்பாணத்தில் விருந்துக்குப் போனால், இரண்டாம் தரம் சோற்றோடு வருகிறவரைக் கண்டதும் இலையை இரண்டு கையாலும் மறைக்க வேண்டும். "ஐயோ, காணும் காணும்" என்று ஒரு சின்னப் போராட்டம் நடத்த வேண்டும். வீட்டுக்காரர் அதைக் காதில் போடாமல், விரல் இடுக்கினூடாக ஒரு அகப்பையாவது கொட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். கொட்டாமல் நகர்ந்தால் அந்த வீட்டைப் பற்றிப் பிறகு நாலு இடத்தில் கதைக்கலாம். காணாது என்று வாய்விட்டுக் கேட்டால் எங்களைப் பற்றி நாலு இடத்தில் கதைப்பார்கள். பசியோடு இருந்துகொண்டு பசி இல்லை என்று சொல்வதும், சொன்னதை மற்றவர் நம்பக் கூடாது என்று எதிர்பார்ப்பதும் எங்களுக்குப் பாலோடு ஊட்டப்பட்ட கலைகள்.

பேராதனையில் படிக்க வந்து கண்டியிலேயே தங்கிவிட்ட நான், ஒரு பட்டத்தோடும் ஒரு பெட்டி நாவல்களோடும் இந்தக் கலையையும் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். நாவல்களைக் கறையான் தின்றது. பட்டத்தை யாரும் கேட்கவில்லை. இந்தக் கலையைத்தான் கடைசியில், யுத்தம் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில், ஒரு கம்பனியின் தேர்ச்சிச் சட்டகத்துக்கு முன்னால் பிரயோகித்தேன்.

கம்பனி குண்டசாலைப் பக்கம். தேயிலையை வாங்கிப் பொதி செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற வேலை. ஏற்றுமதிக் கடிதப் பிரிவுக்கு நான் பதில் தலைவர். பதில் தலைவர் என்றால் தலைவரின் வேலை முழுவதையும் செய்து, தலைவர் இல்லை என்று எல்லோராலும் அறியப்படுகிறவர். ஆண்டுக்கணக்காக அப்படியே இருந்தேன். எங்கள் மனேஜர் கண்டியின் பழைய குடும்பமொன்றைச் சேர்ந்த சிங்களப் பெரியவர், பண்பானவர். மாதத்துக்கு ஒருமுறையாவது தோளில் கை வைத்து, "பேராசிரியரே, நீங்கள் இல்லாவிட்டால் இந்த இடம் ஒரு கிழமை ஓடாது" என்பார். அதை நான் சம்பள உயர்வாக எடுத்துக்கொள்வேன். எடுத்துக்கொள்ள வேறொன்றும் தரப்படவில்லை.

ஆனால் எனக்கு ஒன்று வேண்டியிருந்தது. தலைவர் பதவியல்ல, அதோடு சேர்ந்து வரும் நிறைவேற்றுத் தரம், எக்ஸிகியூட்டிவ் கிரேட் என்பார்களே, அது.

காரணத்தைச் சொல்கிறேன். நான் குடியிருந்தது கட்டுகஸ்தோட்டையில், ஒரு முஸ்லிம் கடைக்காரரின் மேல்வீட்டில். வேலைக்குப் போகவும் வரவும் பாலத்தடிக் காவலரணைக் கடக்க வேண்டும். அங்கே பஸ் நிற்கும், எல்லோரும் இறங்குவோம், அடையாள அட்டையைப் பார்ப்பார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று போட்டிருந்தால் கொஞ்சம் கூடுதலாகப் பார்ப்பார்கள். ஒருநாள் அப்படிப் பார்த்துவிட்டுப் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். மனைவி கம்பனிக்கு ஓடியிருக்கிறாள். "பொலிசுக்கு ஆள் அனுப்பிப் பொறுப்பேற்பது நிறைவேற்றுத் தர உத்தியோகத்தர்களுக்கு மட்டும்தான், அது தலைமையகத்தின் விதி" என்று மனேஜர் மெய்யான வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். மறுநாள் என்னை விட்டார்கள். மனேஜர் ஏற்றுமதித் தரத் தேயிலை ஒரு பெட்டி வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அது எனக்கா பொலிசுக்கா என்று குறிப்பொன்றும் அதில் இருக்கவில்லை.

ஆக, நிறைவேற்றுத் தரம் என்றால் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: உள்ளே போனால் தேடி ஒருவர் வருவார்.

இந்த நிலையில்தான் கொழும்பிலிருந்து ஓர் ஆலோசகர் வந்து இறங்கினார். இளம்பெண். பெயரைக் கேட்டால் எங்கள் ஊர்ப்பக்கம். வாயைத் திறந்தால் ஆங்கிலம் மட்டும். இனி மனேஜரின் விருப்பு வெறுப்புப்படி யாரும் உயர மாட்டார்கள் என்று அறிவித்தார். ஒவ்வொரு வேலைக்கும் வேண்டிய தேர்ச்சிகள் எவை, ஒவ்வொரு தேர்ச்சிக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மட்டங்கள் எவை என்று சுவரில் வெளிச்சம் அடித்துக் காட்டினார். ஊழியர் முதலில் தன்னைத் தானே மதிப்பிட வேண்டும். பிறகு நேர்முகத்தில் சபை அதைப் பரிசீலிக்கும். சராசரி இந்தளவுக்கு மேலென்றால் நிறைவேற்றுத் தரம், புதிய அட்டை, இன்னபிற. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. கடைசியில் ஒருவர் அளவுகோலோடு வந்துவிட்டார். இனி என் உயரம் வெளியே வரும்.

அந்தத் தேர்ச்சிச் சட்டகத்தைத் தமிழில் பெயர்க்கும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. தமிழ் தெரிந்தவர்கள் கம்பனியில் பலர். தமிழை எடுப்பாக எழுதுகிறவன் என்ற கெட்ட பெயர் எனக்கு மட்டும்தான். ஒரு விதியை இப்படிப் பெயர்த்தேன்: "ஊழியரின் சுயமதிப்பீட்டைச் சபை ஏற்கலாம், அன்றேல் குறைக்கலாம், கூட்டுதல் ஆகாது." அந்த 'கூட்டுதல் ஆகாது' என்ற முடிப்பில் ஒரு கம்பீரம் இருந்தது. வாய்க்குள் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்து மகிழ்ந்தேன். அது எனக்கும் பொருந்தும் என்று ஒரு கணமும் தோன்றவில்லை. சட்டம் எழுதுகிறவர்களுக்கு வரும் வியாதி அது.

அன்றிரவே என் படிவத்தை நிரப்பினேன். கடிதத் தொடர்பு: இரண்டு. திட்டமிடல்: இரண்டு. பிறரை வழிநடத்தல்: வெட்கப்பட்டுக்கொண்டே மூன்று. பிறகு அந்த மூன்றையும் இரண்டாக்கினேன்.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். எட்டிப் பார்த்தாள்.

"உங்களுக்கு என்ன விசரே? எல்லாம் ரெண்டு ரெண்டாப் போட்டு வச்சிருக்கிறியள்."

"எனக்கு நானே அஞ்சு போடுறதே? வெக்கக்கேடு. அவை கூட்டிப் போடுவினம்."

"ஆர் அவை?"

"மனேஜருக்குத் தெரியும் நான் ஆரெண்டு."

"தெரிஞ்ச மனுசன் அண்டைக்கு ஏன் பொலிசுக்கு வரேல்ல?"

நான் பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்தேன். அது முந்தைய நாள் பேப்பர்.

பொதியிடும் பிரிவின் மேற்பார்வையாளர் என் பஸ் தோழர். மலையகத்துத் தோட்டமொன்றில் பிறந்து, கலகெதரையில் கல்யாணம் கட்டிக் குடியிருந்தார். பின்னேரத்தில் கண்டியிலிருந்து கலகெதர பஸ்ஸில் ஒன்றாக ஏறுவோம். நான் கட்டுகஸ்தோட்டையில் இறங்குவேன், அவர் கடைசி வரை போவார். அந்த நாட்களில் பஸ்ஸுக்குள் தமிழை, நோயாளி கிடக்கும் வீட்டில் ரேடியோ போடுவது போலத்தான் பேசுவோம். அவர் என் காதருகே குனிந்தார்.

"சார், நீங்க எத்தன போட்டீங்க?"

"ரெண்டு."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "நான் எல்லாத்துக்கும் அஞ்சு."

"இங்கிலிஷ் கடிதத்துக்குமா? உமக்கு அது எழுத வராதே."

"வராதுன்னு எனக்குத் தெரியுங்க. அவங்க கண்டுபுடிச்சிக் கொறைக்கட்டும். எங்கப்பா தோட்டத்துல சங்கத் தலைவரா இருந்தவரு சார். கேக்குறப்ப பெருசா கேக்கணும்பாரு. தொர கொறச்சிக்கிட்டே வருவாரு. நம்மளுக்கு வேணுங்கற எடம் வந்ததும் சரின்னு கைய நீட்டிறணும். மொதல்லயே கொறச்சிக் கேட்டீங்கன்னா அதுலயும் கொறைப்பாங்க."

"எங்கட ஆக்களுக்கு உது சரிவராது," என்றேன்.

எங்கட ஆக்கள் என்றால் யார், அதில் அவர் சேர்த்தியா இல்லையா என்பதெல்லாம் அவருக்கு நான் சொல்லாமலே விளங்கியது. பல் தெரியச் சிரித்தார்.

"தெரியுங்க சார். நீங்கள்லாம் கேக்காமலே கெடச்ச காலத்துல படிச்சவங்க. நாங்க கேட்டும் கெடைக்காத காலத்துல படிச்சவங்க."

பாலத்தடியில் இறங்கி வரிசையில் நின்றபோது இருவரும் ஒரே மாதிரிக் கையைத் தூக்கி நின்றோம். அந்தத் தேர்ச்சியில் இருவருக்கும் சமமட்டம்.

நேர்முகத்தன்று மனேஜரும் ஆலோசகரும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். கதிரையை இழுத்து, தேநீர் வரவழைத்து, "இவர்தான் எங்கள் பேராசிரியர்" என்று மனேஜர் அறிமுகப்படுத்தினார். எல்லாம் ஆங்கிலத்தில். ஆலோசகர் என் படிவத்தைப் பார்த்தார்.

"கம்பனியின் கடிதங்கள் எல்லாமே நீங்கள் எழுதுவது என்கிறார்கள். இரண்டுதான் போட்டிருக்கிறீர்கள்?"

"இன்னும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது," என்றேன்.

இலையை மறைத்தாயிற்று. மனேஜரின் முகத்தைப் பார்த்தேன். அகப்பை அவர் கையில் இருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"நேர்மையான பதில்," என்று ஆலோசகர் எழுதிக்கொண்டார்.

"நானென்றால் ஐந்து கொடுத்திருப்பேன்," மனேஜர் கையைப் பிசைந்தார். "ஆனால் நீங்களே இரண்டு என்று போட்டுவிட்டீர்கள். விதி ஒன்று இருக்கிறதல்லவா..."

"தெரியும். நான்தான் மொழிபெயர்த்தேன்."

"மிக நல்ல மொழிபெயர்ப்பு என்று கேள்விப்பட்டேன்," என்றார் மனேஜர், மனமார.

ஆலோசகருக்கு என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். நெருக்கடியைக் கையாளல் என்ற தேர்ச்சியை நான் வெறுமையாக விட்டிருந்தேன். அதற்கு ஒரு சம்பவம் சொன்னால் பரிசீலிக்கலாம் என்றார். "உங்கள் வாழ்க்கையில் நெருக்கடியான ஒரு சந்தர்ப்பம். எப்படிச் சமாளித்தீர்கள்? எதுவானாலும் சரி."

சம்பவத்துக்கா பஞ்சம்? எண்பத்துமூன்று கலவரத்தில், கண்டித் தெருவில் தமிழர் கடைகள் எரிந்துகொண்டிருக்க, கையில் ஒரு சிங்களப் பேப்பரை விரித்துப் பிடித்து, ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாமல், வாசித்துக்கொண்டே நடந்து வீடு சேர்ந்தவன் நான். பக்கத்தைத் திருப்ப வேண்டிய இடைவெளியில் திருப்பக்கூடச் செய்தேன். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களைப் பார்த்தேன். இதைச் சொன்னால் அந்தப் பெரியவர் தான் செய்யாத குற்றத்துக்குக் கூனிக் குறுகுவார். அந்தப் பெண் தன் பெயர் எந்த ஊர்ப் பெயர் என்று நினைவு வந்து வெளிறுவாள். தேநீர் ஆறிவிடும். ஆகவே அறையின் மரியாதையைக் காப்பாற்றினேன்.

"பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை," என்றேன்.

மட்டம் ஒன்று.

முடிவு வந்தது. பொதியிடும் பிரிவுத் தோழரின் ஐந்துகளைச் சபை வெட்டியிருந்தது. ஆங்கிலக் கடிதத்தில் ஒன்றுக்கே இறக்கியிருந்தது. ஆனாலும் வெட்டுப்பட்டு மிஞ்சியவற்றின் சராசரி கோட்டைத் தாண்டியது. அவர் நிறைவேற்றுத் தரம். நான் இருந்த இடத்தில். எனக்கென்று ஒரு சிபாரிசும் இருந்தது: தன்னம்பிக்கை குறைவு, கொழும்பில் தங்கியிருந்து பயிலும் தன்னம்பிக்கைப் பயிற்சிக்கு அனுப்பலாம். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தான் ஒருவன் கொழும்பில் ஓர் இரவு தங்குவதென்றால் பொலிசில் பதிய வேண்டும். பதிந்தாலும் லொட்ஜைச் சுற்றி வளைத்து அள்ளிக்கொண்டு போவார்கள். தன்னம்பிக்கையை வளர்க்க அதைவிடத் தோதான சூழல் கிடைப்பது அரிது. போக முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். 'கற்றலில் நாட்டமின்மை' என்று அதையும் பதிந்தார்கள்.

தோழருக்குப் புதிய அட்டை வந்தது. படத்துக்குக் கீழே பெரிய சிங்கள எழுத்தில் 'விதாயக', அதாவது நிறைவேற்று உத்தியோகத்தர். காவலரணில் அதைக் கண்ட சிப்பாய் தோழரை "மஹத்தயா" என்று ஐயா போட்டு அழைத்தான். அவர் பஸ்ஸில் திரும்பி ஏறி என் பக்கத்தில் இருந்தபோது அட்டையைச் சட்டைப்பைக்குள் மறைத்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சார். கூட்டுதல் ஆகாதுன்னு அம்புட்டுத் தெளிவா நீங்கதான எழுதியிருந்தீங்க? அத வாசிச்சிட்டுத்தான் நான் அஞ்சு போட்டேன்."

என் எழுத்தை ஒருவர் வாசித்துப் பயனடைந்தார் என்று சொல்லக்கூடிய ஒரே சந்தர்ப்பம் அது. நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

சில மாதங்கள் கழித்து எங்கோ ஒரு குண்டு வெடித்தது. அன்று பின்னேரம் பாலத்தடியில் கெடுபிடி. தோழரை அட்டை காப்பாற்றியது. என்னையும் இன்னும் சிலரையும் ட்ரக்கில் ஏற்றினார்கள். பொலிஸ் நிலையத்தில் ஒரு சார்ஜன் பெயர், ஊர் எல்லாம் எழுதிவிட்டு, "ரஸ்ஸாவ?" என்று கேட்டார். என்ன வேலை என்று அர்த்தம்.

அந்தக் கேள்வியில் எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது. தன்னம்பிக்கைப் பயிற்சிக்குப் போகாமலே அதன் செய்முறைப் பாடத்தைச் செய்து பார்த்தேன்.

"விதாயக," என்றேன்.

சார்ஜன் நிமிர்ந்து பார்த்தார். குரலில் மரியாதை ஏறியது. "அட்டை?"

"இன்னும் கைக்கு வரவில்லை."

அவர் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தார். பெயரைச் சொன்னார். அந்தப் பக்கத்தில் யார் பேசியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நேரம் கடந்தும் மேசையில் இருந்த ஒழுங்கான ஓர் உத்தியோகத்தர், கோப்பைப் பார்த்துத்தான் பதில் சொல்லியிருக்கிறார். சார்ஜன் "ஆ... ஆ... எஹெமத?", அப்படியா, என்று கேட்டுக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். றிசீவரை மெதுவாக வைத்தார்.

"மஹத்தயா, நீங்கள் விதாயக இல்லையாமே. ஏன் பொய் சொன்னீர்கள்?"

வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை நானே கூட்டிப் போட்டேன். உடனே குறைத்துவிட்டார்கள். விதியில் ஒரு பிழையும் இல்லை. ஏற்கலாம், அன்றேல் குறைக்கலாம். ஆனால் அதுவரை வழக்கமான ஒரு தமிழனாக இருந்தவன், அந்த நிமிஷத்திலிருந்து பொய் சொன்ன தமிழனானேன். மற்றவர்களை வாங்குப் பலகையில் இருக்க விட்டார்கள். என்னை உள்ளே, நிலத்தில்.

விளக்கு வைத்து வெகு நேரம் கழித்து வெளியில் ஒரு பரிச்சயமான குரல் கேட்டது. தோழர் கலகெதரைக்குப் போகவில்லை. இடையில் இறங்கித் திரும்பி, முதலில் மனேஜரின் வீட்டுக்குப் போயிருக்கிறார். "காலையில் பார்ப்போம், விதி என்று ஒன்று இருக்கிறது" என்றிருக்கிறார் மனேஜர். பிறகு என் மனைவியிடம் போய்ச் சொல்லிவிட்டு, விதி கேட்பது நிறைவேற்றுத் தரம்தானே, பிடிபட்டவரிடம் இல்லாவிட்டால் பொறுப்பேற்கிறவரிடம் இருக்கட்டும் என்று தானே வந்துவிட்டார்.

அட்டையை மேசையில் வைத்து, சரளமான சிங்களத்தில் தொடங்கினார். இவரை இப்போதே விட வேண்டும். பிழையாகப் பிடித்தோம் என்று எழுதித் தர வேண்டும். பஸ் இல்லாததால் ஜீப்பில் வீட்டில் இறக்கிவிட வேண்டும். சார்ஜன் முதலில் கத்தினார், பிறகு சிரித்தார். எழுத்துத் தர முடியாது என்றார். ஜீப் உங்கள் அப்பன் வீட்டுதா என்றார். தோழர் ஒவ்வொன்றாக, மனம் உடைந்தவர் போலப் பெருமூச்சோடு விட்டுக்கொடுத்தார். கடைசியில் ஒரு பதிவில் கையெழுத்து வைத்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

வாசல் படலையைத் தாண்டியதும், "பாத்தீங்களா சார்," என்றார். "எழுத்தக் கொறச்சிட்டான். ஜீப்பக் கொறச்சிட்டான். உங்கள மட்டும் குடுத்தான். எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான்."

நான் காற்சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினேன்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

"பசிக்கேல்லை," என்றேன்.

"சரிங்க," என்றார். அவர் மலையகத்து ஆள், சொன்னதை நம்பிவிட்டார்.

அடுத்த ஆண்டுப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டேன். மனைவி கூட்டிச் சரிபார்த்துத் தந்தாள். ஆனால் சட்டகமும் அந்த ஆண்டு முன்னேறியிருந்தது. பலர் திடீரென்று தங்களை உயர்த்திப் போடுவதைக் கண்டு ஆலோசகர் புதிய விதி கொண்டுவந்திருந்தார்: ஓராண்டில் ஒரு மட்டத்துக்கு மேல் ஏறுதல் ஆகாது. அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். இரண்டு மூன்றாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு மூன்று நான்காயிற்று. தோழர் இதற்கிடையில் ஐந்துகளாகவே கேட்டுக் கேட்டுக் கொழும்புத் தலைமையகத்துக்குப் போய்விட்டார்.

என் அட்டை வந்து சேர்ந்தது. நல்ல அட்டை, கனமான பிளாஸ்டிக், 'விதாயக' பளிச்சென்று. வந்தது யுத்த நிறுத்தம் கையெழுத்தான பிறகு. பாலத்தடியில் மண்மூட்டைகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பஸ் நிற்காமலே பாலத்தைக் கடந்தது. யாரும் இறங்கவில்லை, யாரும் எதையும் கேட்கவில்லை. பஸ்ஸுக்குள் யாரோ தமிழில் உரத்துச் சிரித்தார்கள்.

ஒரு கிழமை பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஒரு பின்னேரம் பாலத்துக்கு முன்னாலேயே இறங்கி, அட்டையைச் சட்டைப்பையில் படம் தெரிய வைத்துக்கொண்டு நடந்தேன். அடுத்த கரையில் மிஞ்சியிருந்த ஒரு சிப்பாய், துவக்கை மடியில் கிடத்திவிட்டு, கொய்யாப்பழம் கடித்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் போய் நின்றேன். கையைக்கூடக் கொஞ்சம் தூக்கினேன் என்று நினைக்கிறேன்.

"மொகத மஹத்தயா?" என்றான். என்ன வேண்டும் என்று அர்த்தம். வாய் நிறையக் கொய்யா.

சட்டைப்பைக்குப் போன கை அங்கேயே நின்றது. கேட்டுவிட்டான். இப்போது நான் சொல்ல வேண்டும்.

"ஒன்றுமில்லை," என்றேன்.

"அப்படியானால் போங்கள்," என்றான். போனேன்.